‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்னும் தாமதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் எங்கள் ஆலயங்களில் நடைபெறும் மாலைக் கூட்டங்களில், பிரசங்கம் முடிந்ததும், ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்தும்படி அழைக்கப்படுகிறார்கள். பலர் கண்ணீரோடு உயர்த்துகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அடுத்த ஞாயிறு போதகர் குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொன்னால், “ஜெபித்துச் சொல்கிறேன், ஐயா” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. ஜெபத்தைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரிந்த பின்னும், ஜெபத்தின் பேரைச் சொல்லி நாளைக் கடத்தும் பழக்கம் என்னிடமும் இருந்ததால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த எங்கள் சபையின் விதவைத் தாயார் ஒருவருக்கு இரவில் துணையிருக்க ஆளில்லை என்று போதகர் என்னிடம் கேட்டார். அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் கட்டுக் கட்டாக மேசையில் இருந்தன. நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை, மறுநாள் போகலாம் என்று பிளாஸ்க்கைக் கழுவி அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்தேன். புதன்கிழமை விடியற்காலையில் ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளை அடித்த துக்க மணி கேட்டபோது அது கவிழ்த்தபடியே இருந்தது.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உருவாகக் காரணமான ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை அதன்பின் நான் வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்த அவர், இந்தியாவில் ஊழியம் செய்வதில்லை என்றே தீர்மானித்திருந்தார். நோயுற்ற தாயைக் கவனிக்கத்தான் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஓர் இரவில், பிரசவ வேதனையில் தவித்த மனைவியருக்காக மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அவரை அழைத்தார்கள். மருத்துவரான தம் தந்தையை அழைத்துப் போகும்படி அவர் கெஞ்சியும், ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். தாம் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாக அவர் உடனே பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்கலாகாது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்து சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் பிறந்தது. ஆகவே, உடனே கீழ்ப்படிவது என்றால் ஆயத்தமில்லாமல் அவசரப்பட்டு ஓடுவது என்று சிலர் அஞ்சுவது சரியன்று. படிப்புக்கும் பயிற்சிக்கும் செலவான காலத்தைத் தாமதம் என்று சொல்லவே முடியாது. முதல் அடியை அவர் அந்தக் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டார்.

இதற்கு நேர்மாறானவன் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ். நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் குறித்து, தன் காவலில் இருந்த அப்போஸ்தலர் பவுல் பேசக் கேட்டு அவன் நடுங்கினான். ஆனாலும், சமயம் வாய்க்கும்போது அழைப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டான். பின்பு பலமுறை அழைத்தான், பேசினான், பணம் கிடைக்குமா என்றும் பார்த்தான். இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான். கேட்பதில் அவனுக்குக் குறைவில்லை என்பதுதான், வாரந்தோறும் பிரசங்கம் கேட்கிற என்னைப் போன்றவர்களைக் கலங்கச் செய்கிறது.

எனவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையை உயர்த்தச் சொல்வதோடு நிறுத்தாமல், எந்த வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். எங்கள் சபையில் இப்போது ஞாயிறு அறிவிப்பின்போது, மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இரவுத் துணை தேவைப்படும் நாட்களை வாசித்து, ஆராதனை முடிந்து மக்கள் கலையுமுன் வாசலில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். இந்த வாரச் செவ்வாய் இரவுக்கு நான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.