ஒரே செடி, ஆறு வாசனை

ஐயா,

வீட்டு மூலிகைகள் பற்றிய கட்டுரையில் 'ஒரு செடிக்கு ஒரு மணம், ஒரு குணம்' என்ற வரி உறுத்தியது. எங்கள் மாடியில் இரண்டு துளசி. ஒன்றின் இலையைக் கசக்கினால் கிராம்பு வாசம் தூக்கலாக வரும், மற்றதில் அந்தக் காரமே இல்லை.

இதை நன்றாக ஆராய்ந்த இடம் தென் பிரான்சில், மோன்பெலியே நகருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே காடாக வளரும் 'தைம்' என்ற மணமூலிகைச் செடி ஒரே இனம்தான்; ஆனால் இலையின் எண்ணெயை வைத்துப் பார்த்தால் ஆறு வகை. சரிவுகளில், சூடான கல்லாங்காட்டில், தைமால், கார்வாக்ரால் என்ற கார நெடியுள்ள பொருள்கள் மிகுந்த வகைகள். நம் ஓமத்தின் நெடி அதே தைமால்தான். பள்ளத்தின் அடியில் அந்தக் காரம் இல்லாத வகைகள். குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று கீழே இறங்கித் தேங்கும். அந்த உறைபனியைக் காரச் செடிகள் தாங்காது. மற்றவற்றுக்கோ கோடை வறட்சிதான் எமன். சில கிலோமீட்டருக்குள்ளேயே இத்தனை வித்தியாசம்! நத்தைகூட எல்லாச் செடியையும் ஒன்றுபோல் மேய்வதில்லை.

1970களில் போட்ட வரைபடத்தோடு 2010 வாக்கில் ஒப்பிட்டபோது, காரவகை பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. கடும் உறைபனி அரிதாகிவிட்டதே காரணம்.

மூலிகைக்குப் பெயர் மட்டும் போட்டு 'இத்தனை இலை சாப்பிடுங்கள்' என்று எழுதுவோர், எந்த வகை என்றும் சொன்னால் நல்லது.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்