பி0700 வந்தாலே டிசிஎம் போய்விட்டது என்று அர்த்தமல்ல

ஆசிரியருக்கு,

ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒரே கியரில் சிக்கிக்கொண்டு வேகம் எடுக்க மறுத்தால் டிசிஎம்மை, அதாவது கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, மாற்றிவிடலாம் என்று உங்கள் வாகனக் கேள்வி பதில் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அது தவறான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். அதை மட்டும் நம்பி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர், புது டிசிஎம்மையும் போட்டு பழைய பழுதையும் வைத்துக்கொண்டு திரும்பி வரவே வாய்ப்பு அதிகம்.

வண்டியின் கம்ப்யூட்டர்களில் பதிவான பழுதைப் படிக்கிற ஸ்கேனரில் பி0700 என்று வந்ததும் டிசிஎம் அவுட் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பதற்கு மேல் அந்தப் பழுதுக் கோடு (code) எதுவும் சொல்வதில்லை. என்ஜின் கோடுகளை மட்டும் காட்டும் சின்னக் கருவி இதற்குப் போதாது; டிசிஎம்முக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அங்கே பி0715 இருந்தால் இன்புட் ஸ்பீடு சென்சார், பி0720 என்றால் அவுட்புட் ஸ்பீடு சென்சார், பி0705 என்றால் லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ரேஞ்ச் சென்சார். இந்தக் கோடுகளுக்கெல்லாம் சென்சாரையும் அதன் வயரையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிசிஎம்மிலேயே பி0601, பி0604, பி0613 பதிவாகியிருந்தால்தான் அதன் நினைவகத்தையோ புராசசரையோ பற்றிப் பேச்சு எழும். அப்போதும், கூடவே வோல்டேஜ் குறைவைச் சொல்லும் பி0562 இருக்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் நல்ல டிசிஎம்மும் தாறுமாறான கோடுகளைப் போடும். பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் முதலில் சரிபார்த்துவிடலாம்.

டிசிஎம்மோடு தொடர்பே இல்லை என்கிற யூ0101 வந்தால் சோதனை இன்னும் கவனமாக நடக்க வேண்டும். சப்ளை வருகிறதா என்று மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். ஒரே ஒரு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும்; கரண்ட் இழுக்கும்போதுதான் அது படுத்துவிடும். அதனால் டிசிஎம் கனெக்டரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைப் போட்டு எரியவிட வேண்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அந்த எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்டேஜை அளந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள். பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும். இந்தச் சோதனையின்போது மீட்டர் முனையைப் பின்னுக்குள் குத்தித் திணிக்காதீர்கள். பின் நுழைகிற பெண் டெர்மினல் விரிந்துபோனால் புதுப் பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அடுத்தது கேன் லைன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, ஸ்கேனரை மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் அளந்தால் பெரும்பாலும் 60 வரும். இரு முனைகளிலும் இருக்கிற 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்து தரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஷார்ட். ஓபிடி சாக்கெட்டுக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே கேட்வே என்ற இடைக் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் ஓபிடி சாக்கெட்டில் அளப்பது கேட்வே வரைதான் உண்மை சொல்லும். அங்கே டிசிஎம் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். சப்ளை, எர்த், கேன் மூன்றும் சரி, ஆனாலும் டிசிஎம் வாய் திறக்கவில்லை என்றால் மாற்றுவது நியாயம்.

ஆனால் மாற்றுவதற்கு முன் அது ஏன் போனது என்று தெரிந்தாக வேண்டும். கியர்பாக்ஸில் ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வான சோலினாய்டு ஒன்று உள்ளே ஷார்ட் ஆகி, அதை இயக்குகிற டிரைவர் சர்க்யூட்டைப் பொசுக்கியிருந்தால், புது டிசிஎம்மும் அதே வழியில்தான் போகும். கியர்பாக்ஸ் கனெக்டரில் ஒவ்வொரு சோலினாய்டாக ஓம் அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஆன்/ஆஃப் வகை பொதுவாக 10 ஓமுக்கு மேல் இருக்கும், பிரஷர் கட்டுப்படுத்தும் வகை சில ஓம்தான். குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, ஆயில் சூடானபின் ஒரு முறை அளப்பது நல்லது; சூட்டில் மட்டும் ஷார்ட் ஆகிற காயில்கள் உண்டு.

இன்னொரு காரணம் தண்ணீர். சில எஸ்யூவிகளில் டிசிஎம் பேட்டரி டிரேவுக்கு அடியிலோ ஃபயர்வாலிலோ இருக்கும். வெள்ளத்தில் இறக்கிய வண்டியானால் கனெக்டரின் ரப்பர் சீலை உருவிப் பாருங்கள்: பின்களின் அடியில் பச்சைப் பொடி படிந்திருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலே வயரின் உள்ளிழைகள் வழியாக ஏறி வந்து கனெக்டரை நனைத்திருப்பதும் நடக்கிறதுதான். அப்போது கியர்பாக்ஸ் பக்கத்து கனெக்டர் சீலையும் மாற்றாமல் விட்டால் புது டிசிஎம்மும் ஆயிலில் குளிக்கும்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை. மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்; பின்களைக் கையால் தொடாதீர்கள். இதெல்லாம் டிசிஎம் வெளியே இருக்கிற வண்டிகளுக்கு. இசட்எஃப் நிறுவனத்தின் 6 ஸ்பீடு கியர்பாக்ஸ் போன்றவற்றில் அது வால்வு பாடியோடு, அதாவது ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதியோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ளேயே, ஆயிலில் மூழ்கி இருக்கிறது. அங்கே ஆயிலை வடித்து, அடியிலுள்ள ஆயில் பேனைக் கழற்றி, வயர் கனெக்டர் உள்ளே நுழைகிற ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்த ஸ்லீவின் ஓ ரிங் கசிவதற்குப் பெயர்போனது. ஆயில் மட்டத்தை என்ஜின் ஓடும்போது, மேனுவல் சொல்லும் ஆயில் சூட்டில்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில், என்ஜினை அணைத்துவிட்டு அளந்து ஊற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

புது டிசிஎம்மின் பெட்டி பழையதைப் போல இருந்தால் மட்டும் போதாது. ஹார்டுவேர் எண்ணும் சாஃப்ட்வேர் எண்ணும் பொருந்த வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய டிசிஎம் அந்த வண்டியின் சேசிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கலாம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் ஏற்காமல் போகலாம். பழையது இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், கழற்றும் முன்பே அதன் டேட்டாவை எடுத்து வைத்துவிட வேண்டும். புரோகிராம் ஏற்றும்போது வோல்டேஜ் ஆடக்கூடாது. சாதாரண சார்ஜர் வேண்டாம், நிலையான சப்ளை தரும் யூனிட்தான் வேண்டும். ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் புது டிசிஎம் அங்கேயே உயிரை விடலாம்.

புரோகிராம் ஏறியதும் வண்டியைக் கொடுத்துவிடுகிற இடங்கள்தான் அதிகம். டயர் அளவு, ஆக்ஸில் ரேஷியோ, சில தயாரிப்புகளில் சோலினாய்டு பாடிக்கான கோடு, இவையெல்லாம் உள்ளே போயாக வேண்டும். பழைய அடாப்டேஷனை, அதாவது முன்பு கற்றுவைத்த அளவுகளை அழித்துவிட்டு, ஆயில் சூடான பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து எல்லா கியரிலும் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கிளட்ச் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்பதை டிசிஎம் அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. அது நடக்காத வண்டி முதல் வாரமே உதறும், உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்வார்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் லோ ரேஞ்சிலும் போட்டுப் பார்க்க வேண்டும், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கம்ப்யூட்டரும் டிசிஎம்மோடு பேசிக்கொண்டுதான் வேலை செய்கிறது.

வண்டியை எடுக்கும்போது மூன்று ஸ்கேன் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள்: வேலைக்கு முன் எடுத்தது, புரோகிராம் ஏற்றியதும் எடுத்தது, ஓட்டிப் பார்த்தபின் எடுத்தது. மூன்றாவதைத் தரத் தயங்கினால், ஓட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்