கோடையில் ஊற்று எவ்வளவு சுரக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைப்பகுதிச் சுற்றுலாவில் முதலீட்டுக்கு உள்ள வாய்ப்புகள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எத்தனை விடுதிகள் வரலாம், எத்தனை அறைகள் கூடும், எந்தச் சிகரத்துக்கு ரோப் கார் அமைக்கலாம் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். தண்ணீர் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. அதுவும் அருவியைப் பற்றிய வரியில். மலை ஊர்களின் குடிநீர்த் திட்டங்களிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்த விடுபடல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மலையில் முதலீடே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிறு விளைநிலத்தை விட்டால் வேறு பிழைப்பில்லாத மலைக் கிராமங்களில், பிள்ளைகள் படித்த கையோடு சமவெளிக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்களை ஊரிலேயே நிறுத்தி வைக்கச் சுற்றுலாவால் முடியும். ஆனால் பணத்தை எதில் போடுவது என்பதில்தான் எனக்குக் கட்டுரையாளரோடு உடன்பாடில்லை.

மலையூர்களில் பெரும்பாலானவை ஊற்றையும் ஓடையையும் நம்பியிருப்பவை. மழைக்காலத்தில் மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்கிய நீர் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வருவதுதான் ஊற்று. கோடையின் கடைசி வாரங்களில் அது நூலாக இளைத்துவிடும். வெயில் தாங்காமல் கூட்டம் கூட்டமாக மக்கள் மலையேறி வருவதும் அதே வாரங்களில்தான். சீசனின் உச்சமும் ஊற்றின் வறட்சியும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. 2018 கோடையில் சிம்லாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. இப்போது இங்கே வராதீர்கள் என்று உள்ளூர்வாசிகளே சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். அங்கே அறைகளுக்கா பஞ்சம்?

ஆகவே முதல் முதலீடு ஊற்றுக்கு மேலே இருக்கும் நீர்ப்பிடிப்புச் சரிவில் போக வேண்டும். அங்குள்ள காட்டையும் புல்வெளியையும் காப்பது, மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகள், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பும் அமைப்புகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் தேவை. இவற்றைச் செய்த விடுதி, லாரித் தண்ணீருக்குக் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சமும் இலாபம்தானே?

உள்ளே வந்த தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. சரிவில் மேல்மண் கனம் குறைவு. செப்டிக் டேங்கிலிருந்து கசிவுக்குழிக்குப் போகும் நீர், கீழே இருக்கும் குடியிருப்பின் ஊற்றில் போய்க் கலக்கும். இல்லையென்றால் மண்ணை ஊறவைத்து இளக்கும். உத்தராகண்டின் ஜோஷிமட் பழைய நிலச்சரிவு மண்மேட்டின் மேல் நிற்கும் ஊர், அங்கே கனமான கட்டுமானங்கள் வேண்டாம் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விரிசல் விட்டன. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிட்ட இரண்டு விடுதிகளை இடிக்க நேர்ந்தது. காரணங்கள் பல சொல்லப்பட்டன. வடிகால் இல்லாமல் சரிவுக்குள் இறங்கிய கழிவுநீர் அவற்றுள் ஒன்று.

ஒரு விடுதியின் தடுப்புச்சுவரைப் பார்வையிட ஒரு முறை என்னை அழைத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடிவதற்கு விட்டிருந்த துளைகள் பார்க்க அழகாக இல்லை என்று பூசி அடைத்திருந்தார்கள். அடுத்த பெருமழையில் சுவர் வயிறு தள்ளி நின்றது. அதன் கீழே ஒரு குடும்பம் குடியிருந்தது. அன்று எனக்கு வந்த நடுக்கத்தை இன்றும் மறக்கவில்லை.

போக்குவரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு வாகன நெரிசல் முற்றியது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் சுற்றுலாப் பயணிகளின் கார்களுக்கு இடமே இல்லை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே டேஷ் என்னும் ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் மேலே போக வேண்டும். நிறுத்துமிடத்துக்கும் கட்டணம், ரயிலுக்கும் டிக்கெட். அடிவாரத்தில் இப்படி ஒரு தொழில் இருக்க, கொண்டை ஊசி வளைவுகளை அகலப்படுத்த மலையை வெட்டுவதிலேயே ஏன் பணத்தைக் கொட்டுகிறோம்?

வருமானம் யாரிடம் தங்குகிறது என்பதிலும் எனக்குக் கவலை உண்டு. நேபாளத்தின் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் 1986இல் தொடங்கியது. மலையேற வருகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் அந்தப் பகுதியின் பாதுகாப்புக்கும் ஊர்ப்பணிகளுக்கும் செலவாகிறது. தங்குவதற்கு இடம் தருகிறவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே. இருக்கிற வீட்டில் ஓர் அறையையும் நல்ல கழிப்பறையையும் சேர்க்கச் சிறு கடன் கொடுத்தால், சரிவில் புதிதாக ஒரு பள்ளம் தோண்டாமலே அறைகள் கிடைத்துவிடும். வங்கிகள் இதில் காட்டும் தயக்கம் எனக்குப் புரியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மலைச் சுற்றுலாத் திட்டங்களைப் பற்றிய அறிவிப்புகளை இனி வெளியிடும்போது, அறைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்தத் திட்டம் நம்பியிருக்கும் ஊற்று கோடையின் கடைசி வாரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது? அங்கிருந்து வெளியேறும் கழிவுநீர் எங்கே போகிறது? முதல் கேள்விக்கு விடை காணப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அளவு தெரிந்த ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். நான் அப்படித்தான் அளந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குடிநீர்த் திட்டப் பொறியாளர், தங்கள் நெடுநாள் வாசகர்