துப்பாக்கி விலையும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் ஏலத்தில் கோடிக்கணக்கில் போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கர் கம்பெனிதான். நான் தினமும் மிதிக்கிற அதே மிஷினைச் செய்தவர்கள், 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்கு 500 கைத்துப்பாக்கி செய்து கொடுத்திருக்கிறார்கள். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால், நீங்கள் இதைவிட நுட்பமான பீரங்கிக் கருவிகளைச் செய்யுங்கள் என்று சொல்லி, துப்பாக்கி வேலையை வேறு கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த 500-ல் ஒன்று 2017-ல் 4,14,000 டாலருக்குப் போனது, அன்றைய கணக்கில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதே மாடலை மற்ற கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்திருக்கின்றன, சுடுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது, ஆனால் அவை பொதுவாக இந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

செய்தி வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இதே பேச்சு. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று கூரையில் செருகிக் கிடக்கிறது, தேறுமா அக்கா என்று என்னிடமே கேட்கிறான். தேறாது தம்பி, கேஸ்தான் வரும் என்றேன். உரிமம் இல்லாத துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் போலீஸ் எத்தனை தடவை அறிவித்திருக்கிறது. அதோடு, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிமனிதர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க 1972-ம் வருஷத்துச் சட்டம் விடாது. விலையைக் கொட்டை எழுத்தில் போட்ட நீங்கள் இதையும் இரண்டு வரி போட்டிருக்க வேண்டும் ஐயா.

இதைவிட முக்கியமாக ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தக் காசு இரும்புக்குக் கொடுத்த காசு இல்லை. யார் வைத்திருந்தார், எந்த வருஷம் கைமாறியது, நம்பர் என்ன என்று சொல்கிற தாளுக்குக் கொடுத்தது. நெப்போலியனின் இரண்டு கைத்துப்பாக்கிகள் 2024-ல் 16 லட்சத்து 90 ஆயிரம் யூரோவுக்குப் போயின, நம் பணத்தில் சுமார் 15 கோடி. 1814-ல் தோற்றுப்போய் அவற்றால் தன்னையே சுட்டுக்கொள்ள நினைத்தார், கூட இருந்த உதவியாளர் துப்பாக்கியிலிருந்த வெடிமருந்தை எடுத்துவிட்டார், அந்த உதவியாளருக்கே நெப்போலியன் பிறகு துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார், அந்த உதவியாளரின் வாரிசுகள்தான் ஏலத்துக்கு விட்டார்கள். இருநூறு வருஷம் ஒரு கண்ணி அறாமல் அந்தக் கதை வந்திருக்கிறது! பிரான்ஸ் அரசும் ஏலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவற்றைத் தேசியச் சொத்து என்று அறிவித்துவிட்டது.

நம் நாட்டிலேயே பாருங்கள். சாண்டர்ஸ் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியைச் சுட்ட பகத்சிங்கின் கோல்ட் (Colt) கம்பெனி பிஸ்டல் எங்கே போனது என்று தெரியாமலே கிடந்தது. கடைசியில் 2016-ல் இந்தூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில், மற்ற துப்பாக்கிகளோடு ஒன்றாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் 168896 என்ற நம்பர், வழக்குப் பதிவில் இருந்த அதே நம்பர். அந்தத் தாளில் நம்பரை ஒருவர் ஒழுங்காக எழுதி வைக்காமல் போயிருந்தால் இன்றைக்கும் அது ஒரு பழைய பிஸ்டல், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா வரை போய் வந்தவர். அவருடைய பச்சைத் தகரப் பெட்டியை, அவர் இறந்து பல வருஷம் கழித்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த டிஸ்சார்ஜ் புத்தகமும் கடிதங்களும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. நான்தான் அப்போது அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒன்பது வயது, காக்கி அட்டை சீக்கிரம் பிடிக்கவில்லை என்று ஊதுகுழலால் ஊதியது ஞாபகம் இருக்கிறது.

மிஞ்சியது ஒரே ஒரு கைத்துப்பாக்கி உறை. கெட்டித் துணி, பித்தளைப் பொத்தான், ஓரத்தில் இரட்டைத் தையல், எண்பது வருஷம் கழித்தும் ஒரு இழை விட்டுப்போகவில்லை, தைக்கிறவள் என்பதால் சொல்கிறேன். மூடியின் உள்பக்கம் மையில் அம்புக்குறி, 1942, அதற்குக் கீழே பாதி அழிந்த ஒரு எண். துப்பாக்கி இல்லை, உறை மட்டும். கைத்துப்பாக்கி பெரும்பாலும் அதிகாரிகளுக்குத்தான் கொடுப்பார்கள், சாதாரணச் சிப்பாயான என் தாத்தா கையில் இந்த உறை எப்படி வந்தது? யாராவது அதிகாரி கொடுத்தாரா, செத்தவர் இடுப்பிலிருந்து அவிழ்த்ததா? பாட்டிக்குத் தெரிந்திருக்கும், கேட்காமல் விட்டோம். ராணுவ ஆவணத்தில் தேடலாம் என்று ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சொன்னார், ஆனால் முதலில் படை எண், அதாவது ஒவ்வொரு சிப்பாய்க்கும் ராணுவம் கொடுக்கிற எண், வேண்டுமாம். அந்த எண் அடுப்பில் எரிந்த புத்தகத்தில் இருந்தது.

நம் மாவட்டங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. இன்னும் எத்தனையோ வீட்டில் பரணில் அந்தப் பெட்டிகள் இருக்கும். ஏலச் செய்தியைப் படித்துவிட்டு அவற்றை இறக்கிப் பார்ப்பவர்கள் இரும்பைத் தேடுவார்கள், தாளைத் தூக்கிப் போடுவார்கள், அதுதான் என் பயம். அதனால் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு நாள், அரைப் பக்கம் வேண்டாம், கால் பக்கம் போதும், அப்படிப்பட்ட ஒரு வீட்டுச் சிப்பாயின் படத்தையும் படை எண்ணையும் போடுங்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, நடுகல்லைப் பாதுகாக்கிறவர்கள் இந்தத் தாள்களையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அசலை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

அப்புறம், 1940-களில் காவேரிப்பட்டணத்திலிருந்து சேர்ந்தவர்கள் ஒன்றாக எடுத்த போட்டோ எதுவும் உங்கள் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், அதில் இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு நெட்டையாக ஒருவர் நிற்கிறாரா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம்.