வாசகரைச் சாக்குச் சொல்லாதீர்கள்

ஆங்கிலத்தில் அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்), மிகுபுனைவு (ஃபேன்டசி) சிறுகதை இதழ்கள் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குக் கதை அனுப்பி, திரும்பி வந்த கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் எழுத்தாளர் இல்லை, வெறும் வாசகர். வெள்ளையரல்லாத ஒருவரின் கதையைத் திருப்பி அனுப்பும்போது நீங்கள் யார் தலையில் பழியைப் போடுகிறீர்களோ, அந்த ஆள்.

"எங்கள் வாசகர்களுக்கு இது ஒட்டாது." இந்தச் சொல் புதிதல்ல. 1960களின் இறுதியில் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவல், தொடராக வெளியிடச் சொல்லி 'அனலாக்' இதழுக்குப் போனது. ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்துவிட்டார். கறுப்பின நாயகனோடு தன் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று டிலேனியின் முகவரிடம் காரணம் சொன்னாராம். டிலேனியே பின்னாளில் ஒரு கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார். வெடிக்கும் விண்மீனுக்குள் கப்பலைச் செலுத்துவதை நம்பிவிடும் வாசகர், செலுத்துகிறவரின் தோலைப் பார்த்ததும் தடுக்கி விழுவாராம்! அந்த வாசகர்களை யார் கேட்டார்கள்?

கேட்டபோதெல்லாம் அவர்கள் வேறு பதில்தான் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'பிளட்சைல்ட்' 1984இல் வந்தது. வேற்றுக்கோள் உயிரினத்தின் முட்டைகளை ஆண்கள் தங்கள் உடலில் சுமக்கும் கதை. படிக்கும்போது வயிற்றைப் பிசையும், வைத்துவிடவும் முடியாது. சக அறிபுனை எழுத்தாளர்கள் அதற்கு நெபுலா விருது கொடுத்தார்கள். வாசகர்கள் வாக்களிக்கும் ஹியூகோ விருதும் அதற்கே போனது. சீன அமெரிக்கர் கென் லியுவின் 'தி பேப்பர் மெனாஜெரி' 2011இல் வெளியானது. காகிதத்தில் விலங்குகள் மடித்து, ஊதி உயிர் கொடுக்கும் சீனத் தாய். அவள் ஆங்கிலம் பேசவில்லையே என்று முகம் சுளிக்கும் மகன். ஹியூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு விருது மூன்றையும் முதன்முதலில் வாரிக்கொண்ட படைப்பு அதுதான். மகனால் தாயின் கடிதத்தைப் படிக்க முடியாமல், தெருவில் எதிர்ப்படும் ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கும் சீனம் தெரியாதுதான்.

கதையில் வேற்றுமொழிச் சொல் வந்தால் சொல்விளக்கப் பட்டியல் கேட்கிறீர்களே, அதையும் பேசிவிடுகிறேன். 'ஆன்சிபிள்' என்ற சொல் எந்த மனித மொழியிலும் இருந்ததில்லை. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1966இல் உருவாக்கினார். விண்மீன்களுக்கிடையே நொடியில் செய்தி அனுப்பும் கருவிக்குப் பெயர். யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை, படித்துப் படித்தே பழகிக்கொண்டோம். மேற்கு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான வாய்கள் அன்றாடம் பேசும் யொரூபா மொழிச் சொல் ஒன்று வந்தால் மட்டும் அதைச் சாய்வெழுத்தில் போட்டு, பக்கத்திலேயே பொருளும் எழுதச் சொல்கிறீர்கள். இட்டுக்கட்டிய சொல்லுக்கு இருக்கும் மரியாதை உயிரோடு இருக்கும் சொல்லுக்கு இல்லையா?

'புதிய குரல்கள்' என்று அட்டையில் போடும்போதும் எனக்குச் சிரிப்பு வரும். வங்காள எழுத்தாளர் ரொக்கேயா ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் அச்சானது. சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கிப் பெண்கள் நாட்டைக் காத்து ஆளுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள். வால்விண்மீனின் நச்சுக்காற்றில் நியூயார்க் செத்துக் கிடக்க, ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் மிஞ்சும் கதையைக் கறுப்பின அமெரிக்க அறிஞர் டு பாய்ஸ் 1920இல் வெளியிட்டார். அறிபுனைக்கென்றே தொடங்கிய முதல் ஆங்கில இதழான 'அமேசிங் ஸ்டோரீஸ்' வந்ததே 1926இல்தான்.

அதே 1926இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் 'ஃபயர்!!' என்று ஓர் இதழ் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு இதழ். பிரதிகளில் பெரும்பகுதி தீயில் எரிந்துபோனது. அந்தப் பெயரை நினைவில் வைத்து 2017இல் தொடங்கியதுதான் கறுப்பின எழுத்தாளர்களுக்கான அறிபுனை இதழ் 'ஃபையா'. ஏன் தொடங்க வேண்டியிருந்தது? உங்களில் ஒருவராக இருந்த 'ஃபயர்சைடு' இதழ் 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 63 இதழ்களில் வந்த புதிய கதைகள் 2,039. அதில் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதியவை 38. நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

"வந்தால்தானே போடுவோம்" என்பீர்கள். பல காலம் சாத்திக் கிடந்த கதவை யார் தட்டிக்கொண்டே இருப்பார்கள்? ஃபையா திறந்தது, கதைகள் வந்தன, 2021இல் ஹியூகோவும் வந்தது.

சிறப்பிதழ்களைக் குறை சொல்லவில்லை. 'லைட்ஸ்பீட்' 2016 ஜூனில் வெள்ளையரல்லாதோருக்கென்றே கொண்டுவந்த இதழை நான் விரும்பித்தான் படித்தேன். ஆனால் அது தனிப்பந்தி. தனிப்பந்தி என்றால் என்ன என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜூன் முடிந்து ஜூலை வந்ததும் பொதுப் பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

கேட்பது இரண்டுதான். வந்த கதைகள் எத்தனை, எடுத்துக்கொண்டவை எத்தனை, யார் எழுதியவை என்று ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே எண்ணி வெளியிடுங்கள். ஒரு கதை பிடிக்காவிட்டால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று உங்கள் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் என்னை இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்