இரவு 3.12-க்கு வந்த பதில்

அம்மு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, படி ஏறுகிறாள். தம்பி எப்போதும் போலத்தான். வேறு சேதி இல்லை.

"எல்லாம் ஓகேப்பா, கவலைப்படாதீங்க" என்று நீ போட்ட மெசேஜ் வந்தது. நான் கேட்டது சாயங்காலம் ஏழு மணிக்கு. பதில் வந்த நேரம் இரவு 3.12. போன வாரம் 2.47. அதற்கு முந்தின வாரம் 3.30. கணக்குப் பார்க்கிறேன் என்று முகம் சுளிக்காதே, வாழ்நாள் முழுக்கப் பேரேடு எழுதின கை. ஏன் விழித்திருந்தாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் வேலை என்பாய், நானும் சரி என்பேன், இரண்டு பேரும் போனை வைத்துவிடுவோம். அதனால் தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, ஆனால் படி.

நடுராத்திரி விழிப்பு வருவதையே நோய் என்று நினைத்துவிடாதே. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்று முடிகிற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் மேலே வந்து புரண்டு படுக்கிறார்கள், காலையில் அது நினைவிருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். மூன்று மணிக்கு மிச்சமிருப்பது மெல்லிய தூக்கமும் கனவும். பகலெல்லாம் சேர்ந்த தூக்க அழுத்தமும் அதற்குள் பெரும்பாலும் கரைந்திருக்கும். உடம்பை விழிப்புக்குத் தயார் செய்கிற கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்குவதும் அந்தப் பின்னிரவில்தான். அப்போது சின்னக் கவலை ஒன்று கையில் அகப்பட்டால் போதும், முழு விழிப்பாகிவிடும். வாரத்தில் மூன்று இரவாவது இப்படிப் போய், அது மூன்று மாதமாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். உனக்கு எத்தனை மாதம் என்று உனக்குத்தான் தெரியும். எங்களுக்குச் சொல்லவில்லை.

தூக்கம் கெட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்த டிசம்பர் விஷயம் என்றே வைத்துக்கொள். அது முடிந்து எவ்வளவு நாளாயிற்று! பின் ஏன் தூக்கம் திரும்பவில்லை? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: பிறவியிலேயே இருக்கிற சுபாவம், தொடக்கிவிட்ட சம்பவம், அதைத் தொடரவைக்கிற பழக்கங்கள். சம்பவம் போன பிறகும் பழக்கங்கள் தங்கிவிடுகின்றன. விட்டதைப் பிடிக்க ஒன்பதரைக்கே படுப்பது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை கிடப்பது, மதியம் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்வது, விழித்த பின்னும் "சும்மாவாவது படுத்திருப்போம்" என்று கூரையைப் பார்ப்பது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். ஒவ்வொன்றும் அடுத்த ராத்திரியிடம் கொஞ்சம் கடன் வாங்கும். சுபாவம் என் பக்கத்தில் இருந்து வந்தது. பெரியத்தையையும் சேர்த்துக்கொள்.

முதலில் ஒரு நோட்டு போடு. இரண்டு வாரம், தினமும் காலையில், எழுந்து அரை மணிக்குள் எழுது. எத்தனை மணிக்குப் படுத்தாய், விளக்கை எப்போது அணைத்தாய், தூங்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை விழித்தாய், எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம் விழித்திருந்தாய், கடைசியாக எப்போது கண் திறந்தது, படுக்கையை விட்டு எப்போது எழுந்தாய். உத்தேசம் போதும். துல்லியம் வேண்டும் என்று ராத்திரி கடிகாரத்தைப் பார்த்தால் நோட்டே நோயாகிவிடும். காபி, டீக்கு ஒரு கட்டம். மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். எல்லோருடைய நோட்டிலும் அந்தக் கட்டம் உண்டு, அதனால் சொன்னேன்.

பிறகு ஒரு வகுத்தல். தூங்கிய நிமிடங்களை, படுக்கையில் கிடந்த நிமிடங்களால் வகுத்து நூறால் பெருக்கு. பத்தரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தால் 510 நிமிடம். அதில் தூங்கியது 5 மணி 45 நிமிடம், அதாவது 345 நிமிடம் என்றால் 68 சதவீதம். மிச்சமுள்ள 165 நிமிடமும் படுக்கையில் முழித்துக் கிடக்க உன்னை நீயே பழக்கிக்கொண்ட நேரம். இப்போது செய்ய வேண்டியது தலைகீழாகத் தோன்றும்: படுக்கை நேரத்தைத் தூங்கும் நேரத்துக்குச் சுருக்க வேண்டும். எழும் நேரம் 6.30 என்று முடிவு செய்தால் படுக்கும் நேரம் 12.45. அதற்கு முன்னால் படுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி வகுத்துப் பார். 90 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் 15 நிமிடம் முன்னால் படு. 85-க்கும் 90-க்கும் நடுவில் என்றால் அப்படியே விடு. 85-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறை. எக்காரணம் கொண்டும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகாதே.

முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள், "எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது" என்று. அந்தக் களைப்பைச் சேர்ப்பதுதான் நோக்கமே. அது சேர்ந்தால்தான் தூக்கம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே கட்டியாக வரும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதே. இன்னொன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு சோபாவில் பத்து நிமிடம் தலை சாய்ந்தால் போச்சு, சேர்த்து வைத்ததெல்லாம் அங்கே கொட்டிவிடும். அந்த நேரத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலையாக வைத்துக்கொள். ஞாயிறானாலும் 6.30. ராத்திரி முழுக்கத் தூங்காவிட்டாலும் 6.30. எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே. வலிப்பு உள்ளவர்களும், மனநிலை உச்சிக்கும் பாதாளத்துக்கும் போகிற இருதுருவ நோய் உள்ளவர்களும் இந்தச் சுருக்கும் முறையைத் தாமாகச் செய்யக் கூடாது.

மூன்று மணிக்கு விழித்தால் என்ன செய்வது? இதற்கான விதிகளை ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் சொன்னார், இன்றைக்கும் அதைவிடச் சிறந்தது வரவில்லை என்பது என் அபிப்பிராயம். படுக்கை தூங்குவதற்கு மட்டும். லேப்டாப்பை அங்கிருந்து எடு. விழித்து ஒரு கால் மணி நேரம் ஆனதுபோல் தோன்றினால், அல்லது அதற்கு முன்பே எரிச்சல் தலைகாட்டினால், எழுந்து வேறு இடத்துக்குப் போ. ஒரே அறைதான் என்றால் ஒரு நாற்காலி போதும். அதைப் படுக்கும் முன்பே தயார் செய்துவிடு: மங்கலான விளக்கு, போர்த்திக்கொள்ள ஒரு போர்வை, ஏற்கெனவே படித்த புத்தகம். தயாராக இல்லாவிட்டால் அந்த நேரத்தில் எழ மனம் வராது. கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் போய்ப் படு. மறுபடி தூக்கம் வரவில்லையா, மறுபடி எழு. ஓர் இரவில் ஐந்து முறைகூட ஆகலாம்.

அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தும் மூளை ஓடுகிறதென்றால் அது அசதி. படித்த வரியையே மூன்றாம் முறை படிக்கிறாய், இமை தானாக இறங்குகிறது என்றால் அது தூக்கம். அசதிக்குப் படுக்கையில் விழுவதுதான் பெரிய தப்பு. அடுத்த தப்பு நாற்காலியிலேயே தூங்கிவிடுவது. அப்புறம் நாற்காலியில் மட்டும்தான் தூக்கம் வரும். மூன்றாவது தப்பு எதுவென்று உனக்கே தெரியும், அது கையில் ஒளிர்கிறது. அதன் வெளிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்பாவுக்கு பதில் போடுவதும் ஒரு வேலைதானே, மூளை அதற்காக எழுந்து உட்காரும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வை. போன் வேறு அறையில். கைக்கடிகாரம் காட்டுகிற தூக்கப் புள்ளிகளையும் நிறுத்து. அது உன் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்தால் தூங்கினாய் என்று எழுதிக்கொள்ளும்.

கவலைகளுக்கு சாயங்காலம் 15 நிமிடம் ஒதுக்கு. தாளை இரண்டாக மடி. இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு அடுத்த ஒரே ஒரு அடி. தீர்வு வேண்டாம், அடுத்த அடி போதும். நாளைய வேலைகளைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் சீக்கிரம் தூங்கியதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத காரியம்.

காபி குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதன் காஃபினில் பாதி உடம்பில் இருக்கும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. மதியம் பன்னிரண்டோடு நிறுத்து. மதுவைப் பற்றிக் கேட்கமாட்டேன். அது தூங்கவைத்துவிட்டு இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும், அவ்வளவுதான். அம்மா சொல்கிற வெந்நீர்க் குளியலைக் கேட்டுச் சிரிக்காதே. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், 40 டிகிரிச் சூட்டில், பத்து நிமிடம். கை கால் வழியாகச் சூடு வெளியேறி உள்ளுடம்பு குளிரும், அந்தக் குளிர்ச்சிதான் தூக்கத்துக்கு வாசல். ஆனால் குளியலும் இருட்டறையும் மட்டும் நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்க்காது. எழும் நேரம்தான் ஆணிவேர். மாற்றாதே.

குறட்டை விடுகிறாயா, மூச்சு முட்டி எழுகிறாயா, காலையில் தலைவலியா, இதெல்லாம் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். சாயங்காலமானால் கால் குறுகுறுவென்று அசைக்கச் சொல்கிறது என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்து, குறிப்பாக ஃபெரிட்டின், பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் விழிப்பதோடு எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தால் அதைத் தூக்கப் பிரச்சினை என்று ஒதுக்காதே. மருத்துவரிடம் போ. அதற்கு என்னிடம் காரணம் சொல்ல வேண்டாம், அம்மாவிடமும் வேண்டாம்.

இதுவரை எழுதியதை நேற்றே முடித்துவிட்டேன். கவரில் போட்டு, பிறகு எடுத்தேன்.

நோட்டில் மாத்திரைக்கு ஒரு கட்டம் என்றேன் அல்லவா. போன தடவை நீ கிளம்பும்போது உன் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஓர் அட்டையை வைத்தது நான். நீ கேட்கவில்லை. உன் கண்ணைப் பார்க்கப் பொறுக்காமல், "தேவைப்பட்டா பாதி போட்டுக்கோ" என்று நான்தான் சொன்னேன். அது எனக்கு எழுதித் தந்த குளோனசெபம், பென்சோடயசபைன் என்கிற வகை மயக்க மருந்து, 0.5 மில்லிகிராம், பத்து மாத்திரை. அதிலிருந்து நான் வெளியே வர எத்தனை மாதம் ஆனது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தே அதை என் மகளுக்குக் கொடுத்தேன். அறியாமல் செய்ததாக எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

அதனால் இதைக் கவனமாகப் படி. அந்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். ஒரு நாள் கழித்தும் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும், தினமும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். பகலில் மந்தமாக இருக்கும், அந்த மந்தத்துக்குக் காபி ஏறும், காபியால் ராத்திரி கெடும், மறுபடி மாத்திரை. மூன்று மணிக்கு விழித்து ஒன்று போட்டுக்கொள்வது இன்னும் மோசம். மதுவோடும், அபினி வகை வலிமாத்திரைகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

ஒன்றிரண்டுதான் போட்டாய் என்றால் மீதியை விட்டுவிடு. ஆனால் பல வாரமாகத் தினமும் போடுகிறாய், அட்டை தீர்ந்து வேறு அட்டையும் வாங்கினாய் என்றால், இந்தக் கடிதத்தைப் படித்த ஆவேசத்தில் இன்றே நிறுத்திவிடாதே. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்புகூட வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. நிறுத்திய வாரத்தில் தூக்கம் கெடுவதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் நான் தூங்கவே மாட்டேன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், அது மருந்து விலகும்போது வருகிற எதிர்விளைவு. மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். இரண்டு வாரத்துக்குக் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது, பெரும்பாலும் அதைவிட மெதுவாகத்தான். அளவை அவர் சொல்லட்டும், நானும் சொல்லக் கூடாது. குறைத்து முடிக்கும் வரை படுக்கை நேரத்தைச் சுருக்கும் வேலையையும் அவரைக் கேட்டே செய். யார் கொடுத்த மாத்திரை என்று கேட்டால் அப்பா என்று சொல்.

அவரிடம் சி.பி.டி.ஐ. பற்றிக் கேள், தூக்கமின்மைக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றித் தருகிற சிகிச்சை அது. மேலே எழுதிய நோட்டு, வகுத்தல், நாற்காலி எல்லாம் அதன் பகுதிகள்தான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை அதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் சொல்லிவிட்டது. மாத்திரை அதற்குப் பிறகுதான். ஆறிலிருந்து எட்டு அமர்வு, வீடியோவிலும் செய்யலாம். உனக்குப் பொறுமை உண்டு, எட்டாம் வகுப்பில் அந்தக் கையெழுத்தை எப்படி மாற்றினாய் என்று நான் மறக்கவில்லை.

அட்டையில் எத்தனை மீதி என்று ஓர் எண் மட்டும் அனுப்பு. விளக்கம் வேண்டாம். பத்து என்றால் பத்து, சைபர் என்றால் சைபர். காலை 6.30-க்கு மேல் அனுப்பு.

அப்பா