மலைப்பாதையில வண்டிய நிறுத்தி செக் பண்ற சாருங்களுக்கு: வண்டியில எத மாத்தலாம் எத மாத்தக் கூடாதுன்னு ஒரே ஒரு போர்டு வைங்க

வணக்கம் சார்.

யாருக்குன்னு பேர் போட்டு எழுதல, கோவிச்சுக்காதீங்க. வண்டிய நிறுத்துனவங்கள கேட்டா ரூல் போடறது நாங்க இல்லன்றாங்க, ஆபீஸ்ல போய் கேட்டா நிறுத்துனவங்களயே கேளுங்கன்றாங்க, வளைவுல ஜல்லி கிடக்குதேன்னு கேட்டா அது வேற டிபார்ட்மென்டாம். அதனால ஏற்காடு மலைப்பாதைக்கும் அதுல போற வண்டிங்களுக்கும் எந்தெந்த சாருங்க பொறுப்போ எல்லாருக்குமே சேத்து எழுதறேன், அவங்கவங்க பங்க அவங்கவங்க எடுத்துக்குங்க.

நான் சேலம் செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசு பட்டறையில வேல பாக்கறவன். வீட்டுக்காரம்மாவுக்கு ஊரு மலை மேல இருக்கற நாகலூர். மாமனாருக்கு ஒடம்பு சரியில்லாததால சனிக்கிழம ராத்திரி ஏறி ஞாயித்துக்கிழம சாயங்காலம் எறங்கறது ரெண்டு வருஷமா வழக்கம். வண்டி யமஹா ஆர்15, ரெண்டாவது வெர்ஷன், 2012 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. பாக்கத்தான் சார் அது ரேஸ் பைக்கு மாதிரி இருக்கும், உள்ள இருக்கறது 149 சிசி, 17 குதிர சக்தி. பொண்டாட்டி பின்னாடி உக்காந்து மாமியார் குடுத்துவிட்ட பலாப்பழத்த மடியில வெச்சுக்கிட்டா ஏத்தத்துல ரெண்டாவது கியரே முக்கும். ஆனா கண்ணாடியும் இஞ்சின மூடியிருக்கற ஃபேரிங் பிளாஸ்டிக்கும் குனிஞ்ச ஹேண்டில்பாரும் பாத்த ஒடனே உங்களுக்கு ஒரு முடிவு வந்துருது, வா தம்பி ஓரம் கட்டு.

போன மாசம் அப்படித்தான் எறக்கம் முடியற எடத்துல ஓரம் கட்ட சொன்னீங்க. ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன், லைசென்ஸ் எல்லாம் இருக்கு. ரெண்டு பேர் தலையிலயும் ஹெல்மெட், ரெண்டுலயும் ஐஎஸ்ஐ முத்திரை. சைலன்சர் கம்பெனி குடுத்ததே. அதெல்லாம் பாத்து முடிச்சுட்டு ஒரு சார் பின் டயர ஷூவால தட்டி, என்னப்பா டயர மாத்தி பெருசு போட்டிருக்கன்னு கேட்டாரு. சார் இது 130/70 பதினேழு இஞ்சு, இந்த வெர்ஷன்ல கம்பெனில இருந்தே அப்படித்தான் வரும், 2008ல வந்த மொத வெர்ஷன்லதான் 100/80 ஒல்லியா இருந்துச்சுன்னேன். போன்ல மேனுவல் போட்டோ இருந்துச்சு, காட்டுனேன். எனக்கே பாடம் எடுக்கறியான்னாரு. அவ்ளோதான், அதுக்கப்பறம் வண்டிய ஒரு இஞ்சு விடாம பாத்தாங்க, முன்னாடி கீழ மாட்டியிருந்த ரெண்டு மஞ்ச லைட்டு கண்ணுல பட்டுருச்சு. ஆல்ட்ரேஷனாம், வண்டிய மாத்தியமைச்ச குத்தம். 5000 ரூபா. எனக்கு அது ஒரு வாரக் கூலிக்கு மேல.

அத அங்கயே கழட்ட சொன்னாங்க. டேங்க் பையில 10 நம்பர் ஸ்பேனர் இருந்துச்சு, ரோட்டோரம் குத்த வெச்சு உக்காந்து ஒவ்வொரு போல்ட்டா கழட்டுனேன். கையெல்லாம் கிரீஸு. வயர வெட்டிட்டா ஷார்ட் ஆயிரும்னு பழைய கறுப்பு டேப்ப உரிச்சு திரும்ப சுத்தி ஒட்டுனேன், ஒட்டல, என் வீட்டுக்காரம்மா பூ கட்ட வெச்சிருந்த நூல குடுத்துச்சு அத வெச்சு கட்டுனேன். போற வர கார்லாம் நின்னு பாத்துட்டு போச்சு, திருட்டு வண்டியா இருக்கும்னு நெனச்சிருப்பாங்க. அந்த நேரத்துல எனக்கு பின்னாடி நின்ன ஒரு பையன், சைலன்சர்ல இருந்து துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம் வர வண்டி, போன எடுத்து யாரு கிட்டயோ பேசி உங்க கையில குடுத்தான், நீங்க ரெண்டு நிமிஷம் கேட்டீங்க, அவன் போயிட்டான். போகும்போது ஒரு தடவ முறுக்கி காட்டிட்டும் போனான்.

அந்த மஞ்ச லைட்டு எதுக்குன்னு யாருமே கேக்கல சார், அதான் எனக்கு வருத்தம். மேல மூடுபனி எறங்குச்சுன்னா வண்டியோட கூட வந்த ஹெட்லைட்ட போட்டா வெள்ளச் சொவரு மாதிரி அந்த வெளிச்சம் நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும். கீழ தாழ்வா, எதிர்ல வரவங்க கண்ணுல அடிக்காம, ரோட்டோரத்த மட்டும் காட்டற மாதிரி சாச்சு மாட்டியிருந்தேன். பனி இல்லாதப்ப ஆஃப்ல தான் இருக்கும். ஸ்டைலுக்கு மாட்டுனது இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழம அது இல்லாம எறங்குனேன். மேல இருந்து ரெண்டாவது கொண்ட ஊசி வளைவு. பனி. ஹாரன் அடிச்சுக்கிட்டே ரெண்டாவது கியர்ல நடக்கற வேகத்துல வரேன், வளைவுல வெச்சிருக்கற குவிகண்ணாடியில பாத்தா அங்க கண்ணாடியே இல்ல, வெறும் சட்டமும் கம்பமும்தான் நிக்குது. திடீர்னு முன்னாடி ஒரு பஸ்சு, முழு ரோட்டையும் எடுத்து திரும்புது. பஸ்ஸ குத்தம் சொல்லல, அவ்ளோ நீட்டு வண்டிக்கு அந்த வளைவுல வேற வழியே இல்ல. இன்னொன்னு, மலைப்பாதையில ஏறற வண்டிக்கு எறங்கற வண்டிதான் வழி விடணும்னு 2017 டிரைவிங் ரெகுலேஷன்லயே இருக்கு, அதனால நின்னு விட வேண்டியது நான்தான். ரோட்டோட ஓரம் எங்க முடியுதுன்னு தெரியாம இடது பக்கம் ஒதுங்கி கால ஊனுனேன். ஊனுன எடத்துல ஜல்லி. ஒட்டுப்போட்டு மிச்சமானத அப்படியே ஓரத்துல தள்ளிட்டு போனது. ஷூ வழுக்குச்சு, முன்சக்கரம் உள்ள மடங்குச்சு, நின்ன வண்டி நின்ன வாக்குல சாஞ்சுருச்சு. பிரேக் லீவர் வளஞ்சு, ஃபேரிங் கீறி, அதெல்லாம் போகட்டும், என் வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி தேஞ்சு ரத்தம். எந்திரிச்சு மொத கேட்டது, ஏங்க அந்த லைட்டு இருந்தா தெரிஞ்சிருக்கும்ல?

நான் என்ன பதில் சொல்றது. சட்டம்னு சொன்னேன்.

சட்டம் தெரியாம பேசலைங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. 182ஏ படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கூட போடலாம். சரி, ஒத்துக்கறேன். லைட்டு தப்புன்னா தப்பு, கட்டுன காச திருப்பிக் கேக்கல. நான் கேக்கறது எது தப்பு எது தப்பில்லன்னு வண்டி ஓட்டறவனுக்கு வெளங்கற மாதிரி எழுதி ஒரு போர்டா வைங்கன்னுதான். என் வண்டியில ஏபிஎஸ், அதான் பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது, அது கெடையாது, 125 சிசிக்கு மேல எல்லா புது வண்டிக்கும் அது கட்டாயம்னு ஆனதே 2019 ஏப்ரல்லதான், அப்ப நான் பழைய ரப்பர் பிரேக் ஹோஸ எடுத்துட்டு ஸ்டீல் பின்னுன ஹோஸ் போட்டா அது ஆல்ட்ரேஷனா இல்ல பாதுகாப்பா, அதே அளவுல மழைக்கு நல்லா பிடிக்கற வேற கம்பெனி டயர் போட்டா என்ன, ரேடியேட்டர்ல கல்லு அடிக்காம ஒரு வலை மாட்டுனா என்ன, எறக்கத்துல முட்டியால டேங்க கவ்விப் பிடிக்க ரெண்டு பக்கமும் ரப்பர் ஒட்டறோமே அது என்ன கணக்குல வரும், விழுந்தா இஞ்சின் ஒடையாம இருக்க ஸ்லைடர் போட்டா, கலர் மேல ஸ்டிக்கர் ஒட்டுனா? ஒரு சார் சரின்றாரு, அடுத்த வாரம் அதே எடத்துல இன்னொரு சார் ஃபைன்றாரு. ரெண்டு பேருமே ரொம்ப உறுதியா சொல்றாங்க.

அந்த டேங்க் ரப்பர பத்தி ஒண்ணு சொல்லிடறேன், சிரிக்காதீங்க. இந்த மாதிரி குனிஞ்சு ஓட்டற வண்டியில எறங்கும்போது மொத்த பாரமும் ரெண்டு மணிக்கட்டுக்கு வந்துரும். மொத்தம் இருக்கற 20 வளைவுல பாதி தாண்டறதுக்குள்ள உள்ளங்கை மரத்துப் போகும், மரத்த கையில முன்பிரேக்க எவ்ளோ அழுத்தறோம்னே தெரியாது. கீழ மணல் இருந்து அங்க கொஞ்சம் கூட அழுத்துனா போச்சு. அதான் முட்டியால கவ்விக்கிட்டு கைய தளர்வா விட்டு, கியர்லயே வேகத்த பிடிச்சு, வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுட்டு திரும்பணும். ஒரு 40 ரூபா ரப்பர் இல்லன்னா டேங்க்ல முட்டி வழுக்கும். இதெல்லாம் ஓட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும், ஷூவால தட்டிப் பாக்கறவங்களுக்கு தெரியாது. மன்னிச்சுக்குங்க, வார்த்த கொஞ்சம் தடிச்சுருச்சு.

எங்காளுங்க யோக்கியம்னு சொல்ல வரல. ஞாயித்துக்கிழம காலையில கும்பலா வந்து முட்டிய ரோட்ல தேய்க்கறேன்னு நடுக்கோட்ட தாண்டி சாயறதும், அத ஒருத்தன் வளைவுல நின்னு ரீல்ஸ் எடுக்கறதும், கண்ணாடி அழகா இல்லன்னு கழட்டி வீட்ல வெச்சுட்டு வரதும் நானே பாத்து திட்டிருக்கேன். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு எறங்கறவங்க இன்னொரு ரகம், பாதியிலயே பிரேக் தீஞ்ச நாத்தம் வரும். அவங்கள பிடிங்க, நல்லா பிடிங்க. ஆனா அந்த வெடி சைலன்சர் எங்க விக்குதுன்னு ஊருக்கே தெரியும்ல சார்? கடை வாசல்ல வாழத்தார் மாதிரி வரிசையா தொங்க விட்டிருக்காங்க. ஜிஎஸ்டி போட்டு பில்லும் குடுக்கறாங்க. விக்கறது குத்தமில்ல, வாங்குறது குத்தமில்ல, மாட்டுறப்ப மட்டும் குத்தம். 80ல இருந்து 175 சிசி வரைக்கும் உள்ள வண்டி கம்பெனில இருந்து வரும்போதே 77 டெசிபலுக்கு மேல சத்தம் போடக் கூடாதுன்னு கணக்கு இருக்கு, அத அளக்க ஒரு மீட்டர் நிறுத்தற எடத்துல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. காதால தான் அளக்கறீங்க. போன் வந்தா காதுக்கு வேற வேல வந்துருது.

வண்டிக்கு இவ்ளோ ரூல் பேசறோமே, ரோட்டுக்கும் ஏதாவது ஆல்ட்ரேஷன் பிரிவு இருக்குங்களா? கண்ணாடி இல்லாத கம்பத்துக்கு எவ்ளோ, வளைவுல விட்ட ஜல்லிக்கு எவ்ளோ? வர்ற சனங்க கொரங்குக்கு பிஸ்கட் போடறேன்னு வளைவுலயே கார நிறுத்துறதுக்கு? கேட்டா அது வேற டிபார்ட்மென்ட், தெரியும். சரி விடுங்க, இத பேச ஆரம்பிச்சா கோட விழா வரைக்கும் பேசலாம், அப்பறம் நான் கேக்க வந்தத மறந்துருவேன்.

கேக்க வந்தது ஒண்ணுதான். மலை ஏற ஆரம்பிக்கற எடத்துல, நீங்க வண்டிய நிறுத்துற எடத்துலயே, தமிழ்ல பெரிய எழுத்துல ஒரு போர்டு. இதெல்லாம் மாட்டலாம், இதெல்லாம் மாட்டக் கூடாது, இதுக்கெல்லாம் ஆபீஸ்ல அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், பனிக்கு லைட்டு வேணும்னா இந்த மாதிரி இந்த ஒயரத்துல. கூடவே கூடாதுன்னா கூடாதுன்னே எழுதுங்க, கழட்டிடறோம். எழுதி வெச்சுட்டா நிறுத்தற சாருக்கும் வாய்ப்பேச்சு மிச்சம், எங்களுக்கும் ஆளுக்கொரு சட்டம் கேக்கற தலவலி மிச்சம்.

போர்டு செய்ய நிதி இல்லன்னா சொல்லுங்க சார், கிண்டலுக்கு சொல்லல. எங்க பட்டறைக்கு எதுத்தாப்ல போர்டு எழுதற அண்ணன் இருக்காரு, தகரம் நான் வாங்கித் தரேன், அவரு எழுதித் தருவாரு, என்ன எழுதணும்னு மட்டும் நீங்க கையெழுத்து போட்டுக் குடுங்க. தயவுசெஞ்சு.

வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி ஆறிருச்சு, இந்த சனிக்கிழம மறுபடி ஏறணும். லீவர் புதுசு போட்டாச்சு, கம்பெனி லீவர்தான், பில்லு பையில இருக்கு. மஞ்ச லைட்டு ரெண்டையும் துணியில சுத்தி அதே பையில வெச்சிருக்கேன், 10 நம்பர் ஸ்பேனரும் இருக்கு. மாட்றதா வேணாமான்னு கீழ போர்ட பாத்துட்டு முடிவு பண்ணிக்கறேன்.

இப்படிக்கு,
பின்டயர் கம்பெனியோடதுதான்னு இன்னமும் சொல்லிக்கிட்டிருக்கற ஒரு ஆர்15காரன்